ஆட்சியர் அலுவலகம் செல்லும் வழி

2018 மே 22ஆம் தேதி காலை தூத்துக்குடியில் இரண்டு இடங்கள் மக்களுக்காகக் காத்திருந்தன. ஒன்று, மாவட்ட நிர்வாகம் சுட்டிக்காட்டிய எஸ்.ஏ.வி. பள்ளி மைதானம். மற்றொன்று, மக்கள் போக விரும்பிய மாவட்ட ஆட்சியர் அலுவலகம். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள் அது. இரண்டு நாள் முன்னர் நடந்த சமாதானக் கூட்டத்தில் ஒரு சாரார் மைதானத்தை ஏற்றுக்கொண்டார்கள். பெருந்திரளானவர்கள் ஏற்கவில்லை. 21ஆம் தேதி இரவு இரண்டு காவல் நிலைய எல்லைகளில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் பனிமய மாதா கோயில் பக்கமிருந்தும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் கிளம்பிய மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். அன்றும் மறுநாளும் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள்.

அந்த மக்கள் ஏன் மைதானத்தில் உட்கார்ந்து முழக்கமிட்டுவிட்டு வீடு திரும்பவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள். கேட்டவர்களில் நல்லெண்ணம் உள்ளவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடினால் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. தெற்கே ஒரே மாவட்டமாக இருந்த பழைய திருநெல்வேலியில் (தூத்துக்குடி பிரிந்தது 1986இல்தான்) தெருவில் கூட்டமாக நடப்பது என்பது எப்போதுமே ஓர் உரிமைக்கோரலாக இருந்திருக்கிறது. யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதுதான் அங்கே நடந்த வழக்குகள், கலவரங்கள், துப்பாக்கிச்சூடுகள் பலவற்றின் அடியில் கிடக்கும் கேள்வி.

கட்சிகள் தோன்றுவதற்கு முன்னரே அது தொடங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கழுகுமலையின் தேரோடும் வீதிகளில் நாடார்கள் பல்லக்கோடும் மேளத்தோடும் கல்யாண ஊர்வலம் போகக் கூடாது என்று தடுக்கப்பட்டது. எட்டயபுரம் ஜமீனும் கோயிலும் ஒரு பக்கம், பஞ்சு வணிகத்திலும் கடைகளிலும் கையூன்றி மேலே வந்துகொண்டிருந்த ஒரு சமூகம் மறுபக்கம். வழக்கு நடந்தது, வீதி பொதுவீதியா, கோயிலுக்குச் சொந்தமானதா என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். 1895இல் பங்குனித் திருவிழாவின்போது கலவரம் மூண்டு உயிர்கள் போயின. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார் சமூகத்தைப் பற்றி 1969இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாறு விரிவாக இருக்கிறது. கையில் பணம் வந்த பிறகும், பள்ளிக்கூடம் கட்டிய பிறகும், அந்தச் சமூகத்துக்குத் தெருவில் நடந்து காட்டாமல் மரியாதை வந்ததாகத் தோன்றவில்லை. ஒரு ஊரின் அதிகார வரைபடம் அதன் தெருக்களில்தான் வரையப்பட்டிருந்தது. அதைத் திருத்த நினைத்தவர்கள் காலால்தான் திருத்த வேண்டியிருந்தது.

இந்தியாவில் ஊர்வலம் பற்றிய சட்டமும் பெருமளவு இத்தகைய சமய, சாதி ஊர்வல வழக்குகளிலிருந்தே பிறந்தது. அதில் சென்னை உயர் நீதிமன்றத்தின் பங்கு பெரிது. 1882இல் சேலத்தில் ஒரு பள்ளிவாசல் அருகே ஊர்வலம் போவது குறித்து மூண்ட பூசலும் கலவரமும் வழக்காகி வந்தபோது, 1883இல் சுந்தரம் செட்டி வழக்கில் முழு அமர்வு ஒரு நெறியை வகுத்தது. பொதுச்சாலை எல்லாருக்கும் பொது. பிறர் அதைப் பயன்படுத்துவதைக் கெடுக்காத வரை ஊர்வலம் போக எவருக்கும் உரிமை உண்டு. எதிர்ப்பு வரும் என்பதற்காக உரிமையைத் தடை செய்வது அதிகாரியின் முதல் வேலை அல்ல. உரிமையோடு நடப்பவருக்குப் பாதுகாப்புக் கொடுப்பதே முதல் வேலை. பாதுகாப்பு முடியாமல் போகும் நிலையில்தான் தடை. வெள்ளைக்காரர் ஆட்சியில், வெள்ளைக்காரத் தலைமை நீதிபதி இருந்த மன்றம் சொன்னது இது. பின்னால் வந்த நிர்வாகங்கள் இதை எத்தனை முறை தலைகீழாகச் செய்திருக்கின்றன என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தூத்துக்குடியில் அரசியல் தெருவுக்கு வந்தது 1908இல். வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கதை பாடப்புத்தகத்தில் இருப்பதால் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆண்டின் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நடந்த கூட்டங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மாலைதோறும் கடற்கரையில் பேசினார்கள். தமிழில் பேசினார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அரசியல் என்பது பெரும்பாலும் வக்கீல்களும் பிரமுகர்களும் மண்டபங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்ட விஷயம். மானுடவியலாளர் பெர்னார்ட் பேட் இந்த மாற்றத்தை வெகுதூரம் பின்தொடர்ந்து போனவர். கிறிஸ்தவப் பாதிரியாரின் பிரசங்கமுறை, அதை எதிர்கொள்ள ஆறுமுக நாவலர் 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய சைவப் பிரசங்கம், அங்கிருந்து சுதேசி இயக்கத்தின் தெருப்பேச்சு என்று ஒரு நீண்ட தொடர்ச்சியை அவர் காட்டினார். அவர் மறைவுக்குப் பின் 2021இல் வெளிவந்த நூலில் அந்த ஆய்வு இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கோயில் மண்டபத்திலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை மணலுக்கு அறுபது ஆண்டில் வந்து சேர்ந்த பேச்சு, பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் இறக்கியது. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வேலைநிறுத்தத்தைத் தாங்கியது மேடைப் பேச்சு மட்டுமா? ஊர் தாங்கியது. வேலையிழந்தவர்களுக்காகப் பணம் திரட்டப்பட்டது. தொழிலாளர்களை எதிர்த்துப் பேசிய வழக்கறிஞர் ஒருவருக்கு நாவிதர் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கி வைத்துவிட்டுப் போன கதை தூத்துக்குடியில் இன்றும் சொல்லப்படுகிறது. கூட்டத்தில் கேட்டதை மறுநாள் காலை தன் தொழிலில் கடைப்பிடித்தவர் அவர். அடித்தள அரசியல் என்று நான் சொல்வது இதைத்தான். கூட்டம் கலைந்த பிறகும் அது கலையாமல் இருக்கிறதா என்பதே அதற்கு அளவுகோல்.

மார்ச் 9 அன்று வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையாவதைக் கொண்டாட ஊர்வலமும் கூட்டமும் ஏற்பாடாகின. ஆட்சியர் விஞ்ச் முட்டுக்கட்டை போட்டார். மார்ச் 12இல் வ.உ.சி.யும் சிவாவும் அவர்களுடைய தோழர் பத்மநாப ஐயங்காரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் மூடப்பட்டன, நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் எரிந்தன, துப்பாக்கிச்சூட்டில் நால்வர் இறந்தனர். தூத்துக்குடித் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை கூலிக்காக அல்ல, தலைவர்கள் கைதானதற்காக. இந்த நாள்களை ஆ.இரா. வேங்கடாசலபதி தம் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற நூலில் ஆவணங்களைக் கொண்டு மீட்டெடுத்திருக்கிறார். 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் அது.

ஜூலை மாதம் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டு, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள். அந்த இரண்டில் ஒன்று சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. வெளியூரிலிருந்து வந்தவருக்குத் தங்க இடம் கொடுத்ததும், சோறு போட்டதும், கூட்டத்தில் பேச வைத்ததும் உடந்தை. அரசு யாரைக் கண்டு பயப்படுகிறது என்பதை அந்தத் தீர்ப்பு நன்றாகக் காட்டிக்கொடுத்துவிட்டது. பேசுகிறவனை மட்டும் பிடித்தால் போதாது, அவனுக்கு இலை போடுகிறவனையும் பிடிக்க வேண்டும் என்று அது கணக்குப் போட்டது.

இதே கணக்கை 1930இல் தஞ்சை ஆட்சியர் தார்ன் வேறு விதமாகப் போட்டார். ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பினார்கள். ஏறக்குறைய 150 மைல். நடப்பவர்களைத் தார்ன் உடனே தடுக்கவில்லை. அவர்களுக்கு உணவோ தங்குமிடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று அறிவித்தார். கும்பகோணத்தில் விருந்து வைத்த பந்துலு ஐயர் சிறை சென்றார். அப்படியும் ஊர்கள் வழி கண்டுபிடித்தன. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டினார்கள் என்று சாட்சி சொல்ல ஆளில்லை. வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர், தாம் சவரம் செய்துகொண்டிருப்பது சத்தியாகிரகிகளை ஒடுக்க வந்த காவலருக்கு என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்திச் சிறை போனார். அவருக்கு அந்த ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. எத்தனையோ பெருந்தலைவர்களுக்குச் சிலை வைத்த தமிழ்நாட்டில், என் பார்வையில் மிகப் பொருத்தமாக நின்றுகொண்டிருப்பது அந்தத் தூண்தான்.

எட்டாண்டுக்குப் பிறகு அதே திருச்சியிலிருந்து, அதே ராஜாஜியின் அரசை எதிர்த்து, இந்தித் திணிப்புக்கு எதிரான தமிழர் படை கிளம்பியது. 1938 ஆகஸ்டு 1 முதல் செப்டம்பர் 11 வரை நடந்து சென்னை வந்தது. குமாரசாமிப் பிள்ளை, பட்டுக்கோட்டை அழகிரிசாமி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலியோர் நடத்திச் சென்ற அந்தப் படை 200க்கு மேற்பட்ட ஊர்களைக் கடந்தது. நேராக வந்திருந்தால் இரண்டு வாரம் போதும். அவர்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள். ஊருக்கு ஒரு கூட்டம், ஒரு வேளைச் சோறு, ஓர் இரவு. காங்கிரசும் அதன் எதிரிகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். சென்னை போய்ச் சேர்வதைவிடப் போகும் வழியில் இருக்கும் ஊர்களே முக்கியம் என்பதை இருவரும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இனி 1999. திருநெல்வேலி மலைமேல் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த வனத்தில் உருவான தேயிலைத் தோட்டம். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். கூலி உயர்வு கேட்டு மலையிறங்கி வந்து ஆட்சியர் அலுவலகத்தில் போராடியவர்களில் நூற்றுக்கணக்கானோர், பெண்கள் உட்பட, திருச்சிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுதலை செய்யக் கோரி ஜூலை 23 அன்று ஊர்வலம். புதிய தமிழகம் கட்சியோடு வேறு கட்சிகளும் சேர்ந்திருந்தன. திருநெல்வேலி சந்திப்பிலிருந்து கிளம்பிய ஊர்வலம் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தப்பட்டது. யார் உள்ளே போகலாம், எத்தனை பேர் போகலாம் என்ற வாக்குவாதத்தில் தடியடி வந்தது. ஒரு பக்கம் காவல்துறை, மறுபக்கம் தாமிரபரணி. மக்கள் ஆற்றில் இறங்கினார்கள். அங்கேயும் அடி விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் தாயோடு வந்த கைக்குழந்தையும் ஒன்று. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆற்றங்கரையை மறக்க முடியாது.

அந்த ஊர்வலம் கேட்டது என்ன? சம்பளமும் சிறையில் இருப்பவர்களின் விடுதலையும். அதோடு, வாயால் கேட்காத ஒன்றையும் கேட்டது. மலைமேல் யார் கண்ணுக்கும் படாமல் மூன்று தலைமுறையாக வேலை செய்தவர்கள் மாவட்டத் தலைநகரின் பெரிய சாலையில், பகலில், கொடியோடு நடந்தார்கள். கழுகுமலை வீதியில் நூறாண்டுக்கு முன் நடந்தவர்களின் கோரிக்கைக்கும் இதற்கும் வெகுதூரம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று கட்சிகளும் இயக்கங்களும் வரிசையாக வந்து ஆற்றில் மலர் தூவுகின்றன. அதற்கும் காவல் உண்டு.

ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனிதர் தனியாகப் போவதை அரசு ஒருபோதும் தடுப்பதில்லை. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் போய்ப் பாருங்கள். வாசலில் மனு எழுதித் தருபவர்கள் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பட்டா, முதியோர் ஓய்வூதியம், வழிப்பாதை ஆக்கிரமிப்பு, கந்துவட்டி என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். தண்ணீர்ப் பாட்டிலை முகர்ந்து பார்ப்பார்கள். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் தீர்வு கிடைக்காத ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகளோடு, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு இந்தச் சோதனை கடுமையானது. தனியாக வந்தால் மனு வாங்குவோம், கூட்டமாக வந்தால் மைதானத்துக்குப் போங்கள் என்பது நிர்வாகத்தின் எழுதாத விதி. தனியாகக் கொடுத்த மனுவின் கதி மக்களுக்குத் தெரிந்திருப்பதால்தான் கூட்டமாக வருகிறார்கள்.

2018இல் குமரெட்டியபுரத்து மக்களும் அப்படித்தான் வந்தார்கள். ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் உற்பத்தியை இரு மடங்காக்க ஸ்டெர்லைட் ஆலை திட்டமிட்டபோது, அந்தச் சிற்றூர் பிப்ரவரியில் மரத்தடியில் உட்கார்ந்தது. பிறகு பண்டாரம்பட்டி, மடத்தூர், மீளவிட்டான், சில்வர்புரம் என்று ஊருக்கு ஊர் ஒரு பந்தல் முளைத்தது. பெரிய கட்சி எதுவும் அதைத் தொடங்கி வைக்கவில்லை. சமையல் முறை வைத்து நடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வந்து உட்கார்ந்தார்கள். நூறு நாள் இப்படி ஒரே இடத்தில் உட்கார்ந்தவர்களிடம் கடைசியில் இன்னொரு இடத்தில் போய் உட்காரச் சொன்னதுதான் மைதான யோசனை. அவர்களுக்கு உட்கார இடம் தேவைப்படவில்லை. முடிவெடுக்கும் அதிகாரியின் வாசலுக்கு ஊரே நடந்து போவதைத் தூத்துக்குடி நகரம் பார்க்க வேண்டும், அதிகாரி வெளியே வந்து பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்கள். ஆட்சியர் அன்று அலுவலகத்தில் இல்லை. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022இல் தந்த அறிக்கை, துப்பாக்கிச்சூடு தூண்டுதல் இன்றி நடந்தது, வரம்பு மீறியது என்று கூறி, 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது; ஆட்சியரின் அலட்சியத்தையும் சுட்டியது. துப்பாக்கிச்சூடு நடந்த ஒரு வாரத்துக்குள் ஆலையை மூட அரசாணை வந்தது. அதே ஆணையை மே 21ஆம் தேதி போட்டிருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்றும் வந்துகொண்டே இருக்கிறது.

காவல்துறையின் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தென்மாவட்டங்களில் ஊர்வலம் எளியவரின் கையில் மட்டும் இருந்த கருவியன்று. சாதித் தலைவர்களின் பெயரால் வண்டிகளில் கிளம்பி, அடுத்த தெருக்காரரை மிரட்டுவதற்கென்றே அவர்கள் தெரு வழியாகப் போகும் ஊர்வலங்களும் உண்டு. அத்தகைய நாளில் ஒரு காவல் ஆய்வாளர் வழியை மாற்றச் சொல்வதைக் குறை கூற முடியாது. அதேபோல, தலைவரின் வாகனம் வருவதற்காக மக்களை மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்தும் கட்சிக் கூட்டங்களையும் நான் இந்த வரலாற்றில் சேர்க்க மாட்டேன். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அப்படி ஒரு பரப்புரைக் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அங்கே மக்கள் எங்கும் நடந்து போகவில்லை. பார்க்க வந்து நின்றார்கள். கூட்டம் பெரிது என்பதால் அடித்தள அரசியல் பெரிது என்று ஆகிவிடாது.

ஆனால் கரூரைக் காட்டிக் குமரெட்டியபுரத்தின் வழியை மறிப்பது அநியாயம். நடைமுறையில் அதுதான் நடக்கிறது. ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டுப் போகும் ஒரு சிறிய சங்கத்தின் செயலாளரை எண்ணிப் பாருங்கள். புறப்படும் இடம், போகும் வழி, முடியும் இடம், ஆள் எண்ணிக்கை, ஒலிபெருக்கி எண்ணிக்கை எல்லாம் எழுதி, தன் பெயரும் கைபேசி எண்ணும் தந்து மனுவைக் கொடுக்கிறார். பதில் பல நேரம் முந்தைய நாள் இரவுதான் வருகிறது. நீதிமன்றம் போக நேரம் இல்லை. போக்குவரத்துக்கு இடையூறு என்ற ஒரு வரி எல்லாவற்றுக்கும் பொருந்திவிடுகிறது. காவல்துறைக்கு இந்த அதிகாரத்தைத் தருபவை இரண்டு: சென்னையில் 1888ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு, மாவட்டங்களில் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30(2). சென்னைச் சட்டத்தின்படி தடை உத்தரவு 15 நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. அதனால் 15 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். வ.உ.சி. கைதானபோது இந்த இரண்டு சட்டங்களும் பழையவை. அவர் படத்தைச் சட்டமன்றத்தில் மாட்டிய நாட்டில் இன்னும் அவை புழக்கத்தில் இருக்கின்றன. 1972இல் ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பொதுவீதியில் கூட்டம் நடத்த அனுமதிப்பதைக் காவல் ஆணையரின் விருப்பத்துக்கு வரைமுறையின்றி விட்டுவிட முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் உயிர் நம் ஊர்க் காவல் நிலையங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. சென்னையில் வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், ராஜரத்தினம் மைதானம் என்று சில இடங்களை ஒதுக்கிவிட்டு, போராட்டம் என்றால் அங்கே என்று பழக்கிவிட்டார்கள். தடுப்புக் கம்பிக்குள் நின்று முழக்கமிட்டுக் கலைந்தால் எந்தத் தெருவுக்கும் அது தெரியாது. வழியில் மோர் கொடுக்க யாரும் இல்லை. கேட்டு நின்று விசாரிக்கவும் யாரும் இல்லை.

செய்ய வேண்டியவை எளியவை. அமைதியான ஊர்வலத்துக்கு அனுமதி என்ற சொல்லை நீக்கிவிட்டு, முன்கூட்டி அறிவித்தால் போதும் என்று வைக்க வேண்டும். மறுப்பதென்றால் மூன்று நாளுக்கு முன்பாகக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். மாற்று வழி சொல்லலாம். வழிக்குப் பதில் மைதானம் சொல்லக் கூடாது. ஊர்வலம் முடியும் இடத்தில் மனுவை வாங்கப் பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் இருப்பது கட்டாயமாக வேண்டும். பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலில் இருப்பவை. சென்னை நகரக் காவல் சட்டம் சென்னையிலேயே இயற்றப்பட்ட சட்டம். 41ஆம் பிரிவைத் திருத்துவதற்கு டெல்லியின் தயவு தேவையில்லை. கோட்டையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே கூட்டத்தொடரில் செய்துவிடலாம். அவர்களில் பெரும்பாலோர் ஊர்வலம் போய்த்தான் அங்கே வந்து சேர்ந்தவர்கள்.